குடியேற்றம் பற்றி அரசியல்வாதிகள் இணையத்தில் எழுதுவதை வாசிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

2017 ஜனவரி 28 அன்று கனடாவின் அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ ட்விட்டரில் ஒரு பதிவு போட்டார். கொடுமைக்கும் பயங்கரவாதத்துக்கும் போருக்கும் தப்பி வருகிறவர்களை நோக்கி, 'உங்கள் மதம் எதுவானாலும் கனடா மக்கள் உங்களை வரவேற்பார்கள்' என்று எழுதினார். 2024 நவம்பரில் அதே ட்ரூடோ, குடியேற்றத்தை ஏன் குறைக்கிறோம் என்று ஒரு வீடியோவில் விளக்கினார். குழாயை இன்னும் சீக்கிரம் மூடியிருக்கலாம் என்று அதில் ஒரு வரி வருகிறது.

இரண்டும் ஒரே பிரிவினரைப் பற்றியவை அல்ல. முதலாவது அகதிகளைப் பற்றியது. இரண்டாவது பெரும்பாலும் தற்காலிகத் தொழிலாளர்களையும் மாணவர்களையும் பற்றியது. குடியேற்றத்தைக் குறைப்பது சரியா தவறா என்பதும் இந்த வழிகாட்டியின் வேலை இல்லை. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. முதல் பதிவில் 'நீங்கள்' என்று நேரில் அழைக்கப்பட்ட மனிதர், இரண்டாவதில் குழாயில் வரும் தண்ணீராகிவிட்டார். கொள்கை மாறியபோது, மனிதர் வாக்கியத்தில் நின்ற இடமும் மாறிவிட்டது.

குடியேற்றம் பற்றிய எந்தப் பதிவை வாசித்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: வந்தவர் இந்த வாக்கியத்தில் எங்கே இருக்கிறார்? எழுவாயாக இருக்கிறாரா, எண்ணாகிவிட்டாரா, படகாகிவிட்டாரா, காணாமலே போய்விட்டாரா? கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்கு விடை தேடும் வழிகள்தான். ஒரு பதிவைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாகச் செய்து பாருங்கள்.

படி 1: பதிவை முழுதாக எடுத்து வையுங்கள்

செய்தித் தலைப்பில் வந்த பாதி மேற்கோளை வைத்து ஆராயாதீர்கள். மூலப் பதிவைத் தேடி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, தேதி, நேரம், கணக்கின் பெயர், கூட வந்த படம், ஹேஷ்டேக் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். பதிவு வேறொருவருக்கு எழுதிய பதிலா என்றும் பாருங்கள்.

தேதி ஏன் முக்கியம் என்றால், 2019 ஏப்ரல் 11 அன்று பாரதிய ஜனதா கட்சியின் அதிகாரபூர்வக் கணக்கில், அமித் ஷா பேசியதாக ஒரு பதிவு வந்தது. பௌத்தர், இந்து, சீக்கியர் தவிர ஒவ்வொரு ஊடுருவல்காரரையும் நாட்டிலிருந்து அகற்றுவோம் என்றது அது. மக்களவைத் தேர்தலின் முதல் கட்ட வாக்குப்பதிவு நடந்த நாள் அது. பிறகு அந்தப் பதிவு நீக்கப்பட்டது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தவர்களால்தான் அதில் என்ன இருந்தது என்று இன்று பேச முடிகிறது.

படி 2: என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

ஒரே மனிதரை அகதி, தஞ்சம் கோருபவர், புலம்பெயர்ந்தவர், குடியேறி, சட்டவிரோதக் குடியேறி, ஆவணமற்றவர், ஊடுருவல்காரர், வந்தேறி என்று எப்படி வேண்டுமானாலும் அழைக்கலாம். பெயர் வைத்தவுடனேயே பாதி வாதம் முடிந்துவிடும். 'அகதி' என்றால் அவருக்குப் பின்னால் ஒரு ஆபத்து இருக்கிறது. 'குடியேறி' என்றால் அவருக்கு முன்னால் ஒரு விருப்பம் இருக்கிறது. 'ஊடுருவல்காரர்' என்றால் அவர் கையில் ஒரு திட்டம் இருக்கிறது. இதில் எதையும் பதிவு எழுதியவர் நிரூபிக்கவில்லை. பெயரே அந்த வேலையைச் செய்துவிட்டது.

'சட்டவிரோத' என்ற அடைமொழியிடம் கொஞ்சம் நில்லுங்கள். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்திலிருந்து நேராக வந்து, தாமதமின்றி அதிகாரிகளிடம் தம்மை ஒப்புக்கொடுத்து, தக்க காரணமும் காட்டுகிறவரை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அதாவது நுழைந்த விதம் சட்டத்துக்குப் புறம்பாக இருக்கும்போதே தஞ்சம் கேட்கும் உரிமையும் இருக்கலாம். 'சட்டவிரோதமாக நுழைந்தவர்' என்பது ஒரு செயலைப் பற்றிய பேச்சு. 'சட்டவிரோதக் குடியேறி' என்பது ஆளைப் பற்றிய பேச்சு. வரியே கட்டாதவரை நாம் சட்டவிரோத மனிதர் என்று அழைப்பதில்லையே. ஐ.நா. பொதுச்சபை 1975லேயே ஒரு தீர்மானத்தின் வழியாக, அலுவல் ஆவணங்களில் 'ஆவணமற்ற' அல்லது 'ஒழுங்குமுறைக்கு உட்படாத' தொழிலாளர் என்று எழுதக் கேட்டுக்கொண்டது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2013 ஏப்ரலில் மனிதர்களுக்கு அந்த அடைமொழி போடுவதை நிறுத்தியது.

அதே சமயம் 'ஆவணமற்றவர்' என்பதும் பாரபட்சமில்லாத சொல் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டம் மீறப்பட்டதை அது கண்ணில் படாமல் ஒதுக்கி, ஏதோ ஒரு தாள் மட்டும் குறைகிறது என்பது போல் காட்டுகிறது. இரண்டு பக்கமும் தேர்ந்தெடுத்த சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. உங்கள் குறிப்பில், அவர் தேர்ந்தெடுத்த பெயருக்குப் பக்கத்தில் அவர் தவிர்த்த பெயர்களையும் எழுதி வையுங்கள்.

படி 3: திணை பாருங்கள்

தமிழில் வாசிக்கிற நமக்கு இங்கே ஒரு நல்ல கருவி இருக்கிறது. நம் வினைச்சொல் உயர்திணையா அஃறிணையா என்று தன் முடிவிலேயே காட்டிவிடும். 'அகதிகள் வந்தார்கள்' என்பதில் மனிதர்கள் இருக்கிறார்கள். 'அகதி அலை வந்தது' என்றதும் வினை அஃறிணையாகிவிட்டது. ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் வினைச்சொல் ஒரே மாதிரி இருக்கும், அதனால் அந்த இறக்கம் கண்ணில் படாமல் போகும். வேற்றுமொழிப் பதிவை மனதுக்குள் தமிழாக்கிப் பார்த்தால் அது பளிச்சென்று தெரியும்.

எச்சரிக்கை ஒன்று: 'கூட்டம்', 'குடும்பம்' போன்ற சொற்களும் அஃறிணை முடிவுதான் எடுக்கும். திணை மாறியதாலேயே ஒருவர் மீது குற்றம் சாட்ட முடியாது. அது ஒரு அடையாளம். அங்கே நின்று யோசிக்கச் சொல்கிற அடையாளம்.

சரி, உருவகத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். அப்புறம் என்ன? உருவகங்களைப் பட்டியல் போட்டு, 'தண்ணீர் மூன்று, போர் இரண்டு' என்று எண்ணுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தேன், அதனால் பெரிய பயன் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த உருவகத்தை நம்பினால் அடுத்து என்ன செய்ய வேண்டியிருக்கும்? ஒவ்வொரு உருவகமும் தனக்கான தீர்வைத் தன் வயிற்றில் சுமந்துகொண்டுதான் வருகிறது.

வெள்ளம் என்றால் அணை கட்ட வேண்டும், குழாய் என்றால் மூட வேண்டும். பிரிட்டனின் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் மார்கரெட் தாட்சர் 1978 ஜனவரியில், வேறு பண்பாட்டினரால் மூழ்கடிக்கப்படுவோமோ என்று மக்கள் அஞ்சுவதாகத் தொலைக்காட்சியில் சொன்னார். படையெடுப்பு என்றால் ராணுவம் வர வேண்டும். பிரிட்டனின் உள்துறை அமைச்சர் சுயெல்லா பிரேவர்மன் 2022 அக்டோபர் 31 அன்று நாடாளுமன்றத்தில், நாட்டின் தென்கரை மீதான படையெடுப்பு என்று பேசினார். அந்தச் சொல் குறித்த, படகுகளில் வந்தவர்கள் ஆயுதம் இல்லாதவர்கள். சுமை என்றால் இறக்கி வைக்க வேண்டும்.

பூச்சி என்றால்? இதைக் கேட்கத் தயங்கக் கூடாது. பிரிட்டன் பிரதமராக இருந்த டேவிட் கேமரன் 2015 ஜூலையில், மத்தியதரைக் கடலைக் கடந்து மொய்த்து வரும் கூட்டம் என்று சொன்னார். அவர் பயன்படுத்திய ஆங்கிலச் சொல் வழக்கமாக ஈக்களுக்கும் தேனீக்களுக்கும் வருவது. அமித் ஷா 2018 செப்டம்பரில் ஊடுருவல்காரர்களைக் கரையான்கள் என்றார். டொனால்டு ட்ரம்ப் 2018 ஜூன் 19 ட்வீட்டில், எம்.எஸ்-13 என்ற குற்றக் கும்பலைப் போல் சட்டவிரோதக் குடியேறிகள் நாட்டுக்குள் கொட்டி, பூச்சிகளாக நிறைந்துவிட எதிர்க்கட்சி விரும்புகிறது என்ற பொருளில் எழுதினார். தண்ணீரும் பூச்சியும் ஒரே வாக்கியத்தில். கரையானோடு யாரும் பேச்சுவார்த்தை நடத்துவதில்லை, அதற்கு வழக்கறிஞர் வைப்பதில்லை. மருந்துதான் அடிப்பார்கள். இந்த வகை உருவகத்தை மற்றவற்றோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு வழியும் உண்டு. மனிதர் ஏறி வந்த பொருளையே மனிதருக்குப் பதிலாகச் சொல்வது. 'படகுகளை நிறுத்துவோம்' என்று ஆஸ்திரேலியாவில் டோனி அபட் 2013 தேர்தலில் முழங்கினார். பிரிட்டனில் ரிஷி சுனக் 2023 ஜனவரியில் தம் ஐந்து வாக்குறுதிகளில் ஒன்றாக அதையே வைத்தார். பேச்சு மேடையின் முகப்பிலும் வீடியோக்களிலும் ஹேஷ்டேக்கிலும் அந்தச் சிறு வாக்கியம் பொருந்தி உட்கார்ந்தது. படகை நிறுத்துவதை யார் எதிர்ப்பார்கள்? படகுக்குள் யார் இருக்கிறார் என்பதை வாக்கியம் சொல்லவே இல்லை. இலங்கையில் மலையகத் தமிழரை 'கள்ளத்தோணி' என்று இழிவாக அழைத்த காலத்தை அறிந்தவர்களுக்கு, தோணி எப்படி ஆளின் பெயராகிவிடும் என்று விளக்க வேண்டியதில்லை.

படி 4: 'நாம்' யார், 'நாங்கள்' யார்

இங்கும் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. கேட்பவரையும் சேர்த்தால் நாம்; சேர்க்காவிட்டால் நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.

ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்ட் 2001 அக்டோபர் 28 அன்று தம் தேர்தல் பிரசாரத் தொடக்கக் கூட்டத்தில் சொன்ன ஒரு வாக்கியம் இன்றும் பல நாட்டு அரசியல்வாதிகளால் சிறு மாற்றங்களோடு பதிவிடப்படுகிறது: 'இந்த நாட்டுக்கு யார் வருவது, எந்தச் சூழ்நிலையில் வருவது என்பதை நாங்கள் தீர்மானிப்போம்.' நான் 'நாங்கள்' என்று போட்டேன். அரசு பேசுகிற தொனி வந்தது. 'நாம் தீர்மானிப்போம்' என்று மாற்றிப் பாருங்கள். வாசிப்பவரும் வாசலில் சாவியோடு நிற்கிறார். ஆங்கிலச் சொல் ஹோவர்டுக்கு இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தது: அதிகாரம் அரசுக்கு, உணர்ச்சி வாக்காளருக்கு.

பதிவில் 'நாம்' வரும் ஒவ்வொரு இடத்திலும், அங்கே அடங்குகிறவர்களின் பட்டியலை எழுதுங்கள். முன்பே குடியேறி இப்போது குடிமக்களாக இருப்பவர்கள் அதில் இருக்கிறார்களா? பிரிட்டன் பிரதமர் கியர் ஸ்டார்மர் 2025 மே 12 அன்று, நாம் அந்நியர்களின் தீவாகிவிடும் ஆபத்து இருக்கிறது என்று எச்சரித்தார். யாருக்கு யார் அந்நியர் என்பதை வாக்கியம் சொல்லவில்லை. அடுத்த மாதமே அந்தச் சொற்களுக்காக வருந்துவதாக அவர் சொன்னார்.

வரவேற்கிற பக்கத்திலும் இதே கேள்வியைக் கேளுங்கள். ஜெர்மனியின் அப்போதைய பிரதமர் ஏங்கெலா மெர்க்கல் 2015 ஆகஸ்ட் 31 அன்று 'நம்மால் இது முடியும்' என்றார். ஊக்கமூட்டும் வாக்கியம்தான். ஆனால் தங்குமிடம் தேடுவதும், பள்ளியில் இடம் கொடுப்பதும், மொழி கற்பிப்பதும் நகராட்சிகளின் தலையிலும் தன்னார்வலர்களின் தலையிலும் விழுந்தன. அந்த 'நாம்' யார் என்ற கேள்வி அப்போதே ஜெர்மனிக்குள் எழுந்தது, அது நியாயமான கேள்வி.

படி 5: எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

பொய் எண்ணைக் கண்டுபிடிப்பது சுலபம். உண்மையான எண்ணை வைத்து ஏமாற்றுவதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ஐ.நா. மதிப்பீட்டின்படி, பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்கிறவர்கள் 1990இல் 15.4 கோடி; 2024இல் 30.4 கோடி. 'உலகக் குடியேற்றம் கிட்டத்தட்ட இரட்டிப்பு' என்று ஒருவர் பதிவிடலாம். 'உலகில் நூற்றுக்கு நான்கு பேர்கூடக் குடியேறிகள் இல்லை' என்று இன்னொருவர் பதிவிடலாம். இரண்டும் அதே புள்ளிவிவரம், இரண்டும் உண்மை. 2024இல் அந்த விகிதம் 3.7 சதவீதம். ஒருவர் வளர்ச்சியைச் சொன்னார், மற்றவர் விகிதத்தைச் சொன்னார்.

எந்த எண்ணைப் பார்த்தாலும் நான்கு கேள்விகள்: எதை எண்ணினார்கள்? எந்தக் காலத்துக்கு? எதில் ஒரு பங்காக? யாரையெல்லாம் உள்ளே சேர்த்தார்கள்?

முதல் கேள்வியே பல பதிவுகளை உலுக்கிவிடும். அமெரிக்க எல்லைக் காவல் வெளியிடும் எண்ணிக்கை, பிடிபட்ட தடவைகளின் எண்ணிக்கை. ஒரே ஆள் மூன்று முறை முயன்றால் மூன்றாகக் கணக்கில் ஏறும். அதை 'இத்தனை லட்சம் பேர் நுழைந்துவிட்டார்கள்' என்று பதிவிட்டால், தடவை ஆளாகிவிட்டது, தடுக்கப்பட்டவர் நுழைந்தவராகிவிட்டார். ஐ.நா. அகதிகள் முகமை 2024 இறுதியில் கணக்கிட்ட 12.32 கோடி என்பதும் இப்படித்தான் தவறாகப் பயன்படுகிறது. அது வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்த எல்லோருடைய எண்ணிக்கை. அவர்களில் பாதிக்கும் மேலானவர்கள் தங்கள் நாட்டு எல்லையைத் தாண்டவே இல்லை. அத்தனை பேரும் நம் வாசலை நோக்கி வருகிறார்கள் என்று எழுதுவது அபத்தம்.

நான்காவது கேள்விக்கு ஒரு பாடம்: 2014 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பிரிட்டனின் யூகிப் கட்சி ஒரு விளம்பரம் வைத்தது. ஐரோப்பாவில் 2.6 கோடிப் பேர் வேலை தேடுகிறார்கள், அவர்கள் குறிவைப்பது யாருடைய வேலையை என்று அது கேட்டது. வாசகரை நோக்கி ஒரு விரல் நீண்டிருந்தது. அந்த 2.6 கோடியில் பிரிட்டனின் வேலையில்லாதவர்களும் அடக்கம். மேலும், விளம்பரம் எதையும் அறுதியிட்டுச் சொல்லவில்லை, கேட்டது. கேள்வியைப் பொய் என்று யாராலும் மறுக்க முடியாது; பதிலை வாசகரே தமக்குள் சொல்லிக்கொள்வார். நம் வாயால் வந்த பதிலை நாம் எளிதில் சந்தேகிப்பதில்லை.

2016இல் பிரெக்சிட் ஆதரவுப் பிரசாரம், அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வேண்டும் என்ற பிரசாரம், துருக்கி ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்கிறது என்று சொல்லி, பக்கத்தில் அதன் மக்கள்தொகை 7.6 கோடி என்று அச்சிட்டது. எண் சரி. வினைதான் தவறு: துருக்கி அன்றும் சேரவில்லை, இன்றும் சேரவில்லை. எண் அருகில் இருந்தால் வினையை யாரும் சோதிப்பதில்லை.

படி 6: ஒரு கதை எத்தனை பேரைச் சுமக்கிறது

2024 செப்டம்பரில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஹைட்டியிலிருந்து வந்தவர்கள் வளர்ப்புப் பிராணிகளைத் தின்கிறார்கள் என்ற வதந்தி சமூக ஊடகங்களில் கிளம்பியது. 9ஆம் தேதி துணை அதிபர் வேட்பாளர் ஜே.டி. வான்ஸ் அதை எக்ஸ் தளத்தில் எழுதினார். மறுநாள் அதிபர் வேட்பாளர்களின் விவாதத்தில் ட்ரம்ப் சொன்னார். நம்பத்தகுந்த புகார் எதுவும் வரவில்லை என்று நகர நிர்வாகம் தெளிவாகச் சொல்லியிருந்தது. அடுத்த நாட்களில் அந்த நகரத்துக்கு வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன, பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்ட பதிவில் 'என்று சொல்கிறார்கள்', 'எனக்குத் தகவல் வந்தது', 'மக்கள் கேட்கிறார்கள்' போன்ற இணைப்புச் சொற்களை வட்டமிடுங்கள். பேச்சின் பலன் அரசியல்வாதிக்கு, பொறுப்பு பெயரில்லாத யாரோ ஒருவருக்கு. இணையம் கண்டுபிடித்த உத்தி அல்ல இது. 1968 ஏப்ரல் 20 அன்று பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர் ஈனோக் பவல் குடியேற்றத்தை எதிர்த்து ஆற்றிய பேச்சும், தம் தொகுதியின் சாதாரண மனிதர் ஒருவர் தம்மிடம் சொன்னதைத்தான் துணைக்கு அழைத்தது.

உண்மையான கதைக்கும் அளவு பாருங்கள். 2015 செப்டம்பர் 2 அன்று துருக்கிக் கடற்கரையில் உயிரற்று ஒதுங்கிய சிரிய அகதிக் குழந்தையின் படம் உலகத்தை உலுக்கியது. அது நடந்தது, அந்தத் துயரம் உண்மை. ஆனால் 'எத்தனை பேரை எந்த வழியில் அனுமதிப்பது' என்ற கேள்விக்கு ஒரு படத்தால் பதில் சொல்ல முடியாது. அதை வைத்துப் பதிவிடும் தலைவர் அந்தப் பதிலையும் தருகிறாரா என்று பாருங்கள்.

படி 7: படத்தையும் தளத்தையும் வாசியுங்கள்

படத்தைத் தலைகீழ்த் தேடலில் போடுங்கள், அதாவது படத்தையே கொடுத்து அது முதலில் எங்கே வந்தது என்று தேடுங்கள். 2016 ஜூன் 16 அன்று, பிரெக்சிட் வாக்கெடுப்புக்கு முன், யூகிப் தலைவர் நைஜல் ஃபராஜ் வெளியிட்ட 'உடையும் நிலை' சுவரொட்டியில் நீண்ட வரிசையில் நடந்த மனிதர்கள் 2015 அக்டோபரில் ஸ்லோவேனிய எல்லையில் இருந்தவர்கள். பிரிட்டனின் எல்லை அங்கே இல்லை. 2018இல் அதே படத்தை ஹங்கேரி அரசு தன் விளம்பரத்தில் பயன்படுத்தியது. படத்தில் பெயர் இல்லை, ஊர் இல்லை. அதனால்தான் எந்த நாட்டுக்கும் பொருந்துகிறது. முகம் அருகில் தெரிகிறதா, தலைகளின் கடலாகத் தெரிகிறதா என்பதைக் குறியுங்கள். அது படத்தில் இருக்கும் திணை.

தளத்தின் பங்கும் உண்டு. லட்சக்கணக்கான ட்வீட்டுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, நல்லது கெட்டது என்ற தீர்ப்பும் உணர்ச்சியும் கலந்த ஒவ்வொரு கூடுதல் சொல்லும் பதிவின் பரவலைச் சுமார் 20 சதவீதம் கூட்டியதாகக் கண்டது. துப்பாக்கிச் சட்டம், தன்பாலினத் திருமணம், பருவநிலை ஆகியவை பற்றிய ட்வீட்டுகள் அவை. குடியேற்றம் அந்த ஆய்வில் இல்லை. ஆனாலும் 'அவமானம்', 'துரோகம்', 'கொடுமை' போன்ற சொற்கள் ஏன் இத்தனை மலிந்திருக்கின்றன என்பதற்கு ஒரு விடை கிடைக்கிறது. கோபத்தோடு நாம் மேற்கோள் காட்டிப் பகிர்வதும் அதே பரவல்தான். கண்டிக்க வேண்டுமென்றால் ஸ்க்ரீன்ஷாட் போதும்.

படி 8: செய்தவரைத் தேடுங்கள்

'வாடகை ஏறிவிட்டது', 'மருத்துவமனைகள் நிரம்பிவிட்டன', 'வேலைகள் பறிபோயின'. இவற்றில் யார் என்ன செய்தார் என்று கேளுங்கள். வீடு கட்டாதவர், செவிலியரை நியமிக்காதவர், குறைந்த கூலிக்கு ஆள் வைத்தவர் எல்லோரும் வாக்கியத்திலிருந்து இறங்கிப் போயிருப்பார்கள். அடுத்த வரியில் குடியேறி வந்து நிற்பார். எழுவாய் காலியாக இருக்கும் இடத்தில் யாரை நிறுத்துகிறார்களோ, அவர்மேல் பழி விழும்.

நேர்மாறாகவும் நடக்கும். 2015 ஜூன் 16 பேச்சில் ட்ரம்ப், மெக்சிகோ தன் மக்களை 'அனுப்புகிறது' என்றார். யாரும் அனுப்பவில்லை; அவரவர் தம் காரணங்களுக்காக வந்தார்கள். ஒரே வினைச்சொல்லால் தனி மனிதரின் முடிவு ஒரு நாட்டின் சதியாகிவிட்டது. அவர்களைக் குற்றவாளிகள் என்று சொன்ன கையோடு 'சிலர் நல்லவர்கள் என்று நினைக்கிறேன்' என்று சேர்த்தார். விமர்சனம் வந்தால் காட்டுவதற்கு அந்த அரை வாக்கியம் உதவும். இத்தகைய தப்பிக்கும் கதவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 9: எளிய வாக்கியமாக மாற்றி எழுதுங்கள்

இதுதான் உண்மையான சோதனை. உருவகம், அடைமொழி, கேள்வி, ஹேஷ்டேக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பதிவை எழுதியவரே 'ஆமாம், நான் சொன்னது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி எழுத வேண்டும். அவரைக் கேலி செய்யும் வடிவத்தில் எழுதினால் பயிற்சி வீண்.

படி 3இல் பார்த்த ட்ரம்ப்பின் ட்வீட்டை எடுத்துக்கொள்வோம். 'அனுமதியின்றி எல்லை தாண்டுவோர் எண்ணிக்கை குறைய வேண்டும். அவர்களில் குற்றக் கும்பலைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். எதிர்க்கட்சி இதைத் தடுக்க ஒத்துழைக்கவில்லை.' மூன்று வாக்கியங்கள். முதலாவது ஒரு விருப்பம், உடன்படலாம், மறுக்கலாம். இரண்டாவது சோதிக்கக்கூடிய தகவல். எத்தனை பேர் என்று கேட்கலாம். மூன்றாவதை நாடாளுமன்றப் பதிவுகளோடு ஒப்பிடலாம். இந்த மூன்றிலும் இல்லாமல் மூலத்தில் மட்டும் மீதமிருப்பது பூச்சி. அதைத் தனியாக ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

நீங்கள் ஆதரிக்கும் தலைவரின் ஒரு பதிவையும் இதே நாளில் இதே படிகளில் வைத்துப் பாருங்கள். எதிரணியின் பதிவுகளை மட்டும் அலசினால் கண் ஒரு பக்கமாகவே பழகிவிடும்.

ட்ரூடோவின் குழாயையும் மாற்றி எழுதலாம். 2025இல் 5 லட்சம் பேருக்கு நிரந்தர வசிப்புரிமை வழங்குவதாக இருந்த இலக்கை அவருடைய அரசு 3,95,000 ஆகக் குறைத்தது. 'நாங்கள் 1,05,000 பேருக்கு அனுமதி தரப் போவதில்லை.' அவர்கள் எந்தப் பிரிவில் விண்ணப்பித்திருந்தவர்கள், அவர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே அங்கே வேலை செய்துகொண்டிருந்தார்கள், அவர்களிடம் முன்பு என்ன சொல்லியிருந்தார்கள் என்று இப்போது கேட்கலாம்.